தொப்பிக்குள்ளே ஒரு தொழிற்சாலை!

இன்ஜினீயரிங் மாணவர்களின் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போகிற பஸ்ஸில் பாட்டு. ஃபாக்டரி வாசலில் ஆளுக்கொரு ஹெல்மெட். உள்ளே மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நாற்பது பேர் வரிசை. சூப்பர்வைசர் ஏதோ விளக்குகிறார். மெஷின் சத்தத்தில் முதல் மூன்று பேருக்குத்தான் கேட்கிறது. கேன்டீனில் போண்டா, டீ. திரும்பி வந்து, சீனியரின் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு ரிப்போர்ட். உற்பத்தி நிபுணர் ரெடி!

இதற்கு மருந்தாக வந்திருப்பதுதான் வி.ஆர். எனப்படும் 'வர்ச்சுவல் ரியாலிட்டி'. கண்ணை மறைக்கும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டால் எதிரே முழு ஃபாக்டரி. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். 1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஆதிப் பெட்டியைக் கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். இப்போது அரைக் கிலோ சுமாருக்கே கிடைக்கிறது.

பாடம் என்ன? உற்பத்தியில் விரயத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பது. இதில் வாத்தியார்களுக்கு வாத்தியார், டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ. விரயம் ஏழு வகை என்றார் அவர். தேவைக்கு மேல் தயாரிப்பது, காத்திருப்பது, சும்மா இடம் மாற்றித் தூக்குவது, வேண்டாத வேலை, குவிந்து கிடக்கும் சரக்கு, வீண் நடை, குறையுள்ள பொருள்.

ஐந்தாவதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.காமில் 'க்ளோசிங் ஸ்டாக்'கை சொத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மனுஷர் அதை வியாதி என்கிறார்! யோசித்தால் நியாயம்தான். சரக்கு மலையாகக் குவிந்திருந்தால், மெஷின் கோளாறும் தாமதமும் அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும்.

ஓனோ தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ளே நின்னு பாரு" என்று இன்ஜினீயர்களை மணிக்கணக்கில் நிற்க வைப்பாராம். நம் பையன்களுக்கு எந்த ஃபாக்டரி அந்த வட்டத்தைக் கொடுக்கும்? பெட்டிக்குள் கிடைக்கிறது.

இன்னொரு பாடம், பிரஸ்ஸில் டை மாற்றுவது. 1969-ல் டொயோட்டாவில் ஒரு 1,000 டன் பிரஸ்ஸுக்கு இது 4 மணி நேரம் பிடித்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற நிபுணர் வந்தார். மெஷின் நின்றால்தான் செய்யமுடியும் என்கிற வேலை எது, ஓடும்போதே முடித்துவைக்கக் கூடியது எது என்று பிரித்தார். 4 மணி, ஒன்றரை மணியாகி, கடைசியில் 3 நிமிஷம் ஆயிற்று. மந்திரமில்லை. 'தோசைக்கல் காய்ஞ்சப்புறம் தேங்காய் துருவ உட்காராதே' என்று பாட்டி சொன்ன அதே சமாசாரம்!

இதை நிஜ பிரஸ்ஸில் பழகினால் உற்பத்தி போகும், விரலும் போகலாம். பெட்டிக்குள் பத்து முறை சொதப்பலாம். எத்தனை அடி நடந்தோம், மெஷின் எத்தனை நிமிஷம் சும்மா நின்றது என்று கணக்கும் சொல்லிவிடும்.

ஒரு கல்லூரி லேபில் நானும் மாட்டிப் பார்த்தேன். ஐந்தே நிமிஷத்தில், கொடைக்கானல் பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்த மாதிரி குமட்டல். கண் 'நடக்கிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நிற்கிறோம்' என்கிறது. இரண்டின் தகராறில் வயிறு மாட்டிக்கொள்கிறது.

எனக்குப் பிறகு ஒரு மாணவர். மேஜைகளை நெருக்கிப் போட்டு, ஐந்து பேர் செய்த வேலையை நான்கு பேரில் முடித்துவிட்டார். மார்க் ஏறியது. ஐந்தாவது பொம்மை ஆள் சட்டென்று மறைந்துபோனார்.

"அவரு எங்கே சார் போனாரு?"

"டெலீட் ஆயிட்டாருப்பா" என்று சிரித்தார் லேப் பொறுப்பாளர்.

"நிஜத்துல எங்கே சார் போவாரு?"

பொறுப்பாளர் சிரிப்பதை நிறுத்தினார்.

இதற்குப் பதில் சாஃப்ட்வேரில் இல்லை. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய கார் ஃபாக்டரியை, 1984-ல் டொயோட்டாவும் அவர்களும் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய ஆட்களேதான். லீவு போடுவதிலும் சண்டையிலும் பேர் வாங்கியவர்கள்! அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை டொயோட்டா ஜப்பானுக்கு வரவழைத்து, தன் தொழிலாளிகள் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பழக்கியது. கோளாறு கண்டால் யாரும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்றது. வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய ஆட்குறைப்பு கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 1980-களின் கடைசியில் விற்பனை படுத்தபோதும், ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நம்மி 2010-ல் மூடப்பட்டது வேறு கதை. ஆனால் திறந்த சில வருஷங்களிலேயே தரத்தில் பேர் வாங்கியது அந்த ஃபாக்டரி.

தர்மத்துக்காகச் செய்ததில்லை இது. 'கடைசிச் சுத்துலதான் போல்ட் இறுகுது, அதுக்கு முன்னாடி சுத்தறதெல்லாம் தண்டம்' என்பது தினம் சுற்றுகிறவருக்குத்தான் தெரியும். சொன்னால் தன் வேலையே போகும் என்றால் வாயைத் திறப்பாரா? நம் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பில்லுக்கு மூன்று கையெழுத்து. அதில் இரண்டு வேண்டாதது என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டில் ஒன்று உங்களுடையது. மேனேஜரிடம் போய்ச் சொல்வீர்களா, சார்?

அதனால் புரொஃபசர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெட்டியைத் தாராளமாக மாட்டிவிடுங்கள். விரயம் கண்ணில் படப் பழகட்டும். கழற்றியதும் ஒரு வாரம் நிஜ மெஷின்காரர் பக்கத்தில் நிற்கவையுங்கள். பரீட்சையிலும் ஒரு கேள்வி கூடுதலாக வையுங்கள்: 'ஐந்தாவது ஆளுக்கு என்ன வேலை கொடுத்தாய்?'

அதற்குப் பதில் எழுதினால்தான் பாஸ்!