கொடைக்கானல் தும்மல்: குற்றவாளி ரோஜா அல்ல

மே மாத மலர்க் கண்காட்சியில் பிரையன்ட் பூங்காவின் ரோஜாப் பாத்தியருகே யாராவது அடுக்குத் தும்மல் போட்டால், பழி பூவின் மேல்தான் விழும். இது அநியாயம். கண்ணைப் பறிக்கும் பூக்கள் தேனீயை நம்பி வாழ்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. பூச்சியின் காலில் ஒட்டும், காற்றில் அதிகம் மிதக்காது. 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சியும் அப்படித்தான்.

மூக்கை வதைப்பவை, நாம் பூவென்றே மதிக்காத பூக்கள். மன்னவனூர்ப் புல்வெளியில் ஒரு புற்கதிரை அருகில் வைத்துப் பாருங்கள். நூலில் கட்டியதுபோல் மகரந்தப் பைகள் தொங்கும்; விரலால் சுண்டினால் மெல்லிய பொடி கிளம்பும். மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி இந்தப் பொடியைத் தன் மீதே சோதித்து, பருவகாலத் தும்மலுக்குக் காரணம் இதுவே என்று 1873-ல் நூலாக எழுதினார். பொடியிலுள்ள புரதத்தைச் சிலரின் உடல் எதிரியென்று எடுத்துக்கொண்டு ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. அதனால்தான் அரிப்பு, மூக்கில் நீர், கண் சிவப்பு எல்லாம். சளிக் காய்ச்சலில் கண் இப்படி அரிப்பதில்லை.

பழனி மலையில் புல்வெளிகளின் பெரும்பகுதியை வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள் விழுங்கிவிட்டன. கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்த தாவரங்களைப் பற்றி அருட்தந்தை கே.எம். மேத்யூ 1969-லேயே தனி நூல் எழுதினார். மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் வாட்டில்மீதும் வீண்பழி உண்டு. அதன் மகரந்தம் கட்டிகட்டியாக இருப்பதால் தூரம் போகாது. பைன் பொடி ஏராளமாகப் பறந்தாலும் ஒவ்வாமை தருவது அபூர்வம். சந்தேகிக்க வேண்டியது சைப்ரஸை. மத்தியதரைக்கடல் நாடுகளில் அதன் மகரந்தம் பேர்போன தொல்லை.

மகரந்தம் மட்டுமே காரணமும் அல்ல. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த விடுதி அறையின் ஈரக் கம்பளியும் பூஞ்சை பிடித்த சுவரும் ஆண்டு முழுவதும் தும்ம வைக்கும். போர்வையை நல்ல வெயிலில் காயப்போடுவதும், சுவரின் ஈரத்தைச் சரிசெய்வதும் எந்தக் கஷாயத்தையும்விடப் பலன் தரும்.

மலைத்தேன் சாப்பிட்டால் ஒவ்வாமை போகும் என்பது பரவலான நம்பிக்கை. தேனில் இருப்பது பெரும்பாலும் பூச்சி தொட்ட பூக்களின் மகரந்தம். தும்மவைக்கும் புல்லின் பங்கு அதில் சொற்பம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் நடத்திப் பார்த்த சோதனையிலும் தேனால் பலன் தெரியவில்லை. கடைக்குக் கடை விற்கும் யூகலிப்டஸ் தைலம் மூக்கு திறந்த உணர்வைத் தரும், ஒவ்வாமையைத் தொடாது. அதைக் குடிக்கவே கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகே தடவவும் கூடாது.

உண்மையில் உதவுவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பு போதும். நீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சல், அசுத்த நீர் மூக்கில் ஏறுவதால் வரக்கூடியது. சுமார் 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பிலேயே விட வேண்டும்.

வெளியே சுற்றி வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றினால் ஒட்டிவந்த மகரந்தம் படுக்கைக்குப் போகாது. தும்மலோடு நெஞ்சில் விசில் சத்தமோ இரவில் மூச்சிரைப்போ சேர்ந்தால், இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது ஆஸ்துமாவாக இருக்கலாம்.