ரெண்டாங்கிளாஸ் அவ்வளவு லேசா, ஸார்?

'பையன் என்ன படிக்கிறான்?' என்று கேட்டால் 'ப்ளஸ் டூ' என்பவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். 'எல்.கே.ஜி.' என்பவர் ஃபீஸை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். ரெண்டாங்கிளாஸ் அப்பாவுக்கு மட்டும் பெருமையும் கிடையாது, பெருமூச்சும் கிடையாது. 'அதுல என்ன ஸார் இருக்கு... அ, ஆ, ரெண்டும் ரெண்டும் நாலு!'

அப்படியா? அந்த ஏழு வயசுப் பொடியன் படும் பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் அவனுக்கு நாலு பாடம்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல்.

முதலில் தமிழ். எழுத்து மொத்தம் 247. அது போதாதென்று ஒரே 'க', கடலில் ஒரு மாதிரி, மகனில் ஒரு மாதிரி, தங்கத்தில் வேறு மாதிரி ஒலிக்கிறது. இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை; அவனாகவே பிடித்துக்கொள்கிறான். இதற்கு நடுவில் வீட்டில் தாத்தா 'மலை' என்று எழுதிக் காட்டுகிறார், 'லை'க்குப் பழைய யானைத் தும்பிக்கை போட்டு! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர், பாவம். 'தாத்தாவுக்கு எழுதத் தெரியல' என்று பேரன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

நாஞ்சில் நாட்டுப் பையனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவன் வீட்டில் மரவள்ளி கிடையாது, மரச்சீனிதான். பலா கிடையாது, சக்கை. மிளகு கிடையாது, நல்லமிளகு. பலாப்பழப் படம் போட்டுக் கீழே 'பலா' என்று அச்சடித்திருந்தால், அவன் சத்தமாக 'சக்கை' என்று வாசிப்பான். வகுப்பே சிரிக்கும். விஷயம் தெரிந்த டீச்சர் மட்டும் சிரிக்க மாட்டார். பையனுக்குப் பழத்தைத் தெரிகிறது. ஆனால் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிடும். 'சக்கையும் சரிதான் மக்களே, இங்க என்ன எழுதியிருக்கு பாரு' என்பார். வீட்டுப் பேச்சைக் கேவலப்படுத்தாமல் புத்தகத் தமிழுக்குப் பாலம் போடுவது சாமர்த்தியமான வேலை, ஸார்.

அடுத்து கணக்கு. 52-ல் 27 போனால் மிச்சம் எவ்வளவு? நிறைய பிள்ளைகள் 35 என்று எழுதும். ஏழில் ரெண்டு போனால் அஞ்சு, அஞ்சில் ரெண்டு போனால் மூணு. பெரிசிலிருந்து சின்னதைக் கழிப்பதுதானே நியாயம்! ரெண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கணும், வாங்கியது ஒன்று இல்லை பத்து என்று புரியவைக்க ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒன்று என்று நினைத்து வாங்கிய கடன் பத்தாக நிற்பது கிரெடிட் கார்டு வைத்திருக்கும் அப்பாவுக்குச் சட்டென்று புரியும். பிள்ளைக்கு நாளாகும்.

அளவையும் உண்டு. மேஜை எத்தனை சாண் நீளம்? டீச்சர் அளந்தால் எட்டு, பையன் அளந்தால் பதினொன்று. யார் சொல்வது சரி? ரெண்டு பேரும்! பூக்காரம்மாவின் முழம் ஏன் நம் முழத்தைவிடக் குட்டையாக இருக்கிறது, ஸ்கேல் என்று ஒன்று ஏன் வந்தது என்பதெல்லாம் அந்த மேஜையிலேயே விளங்கிவிடுகிறது. சூழ்நிலையியலில் உடம்பு, செடி, பிராணி, சாப்பாடு என்று வாசலில் தினமும் பார்ப்பதுதான் பாடம். ஆனால் அதையே வாக்கியமாகச் சொல்லவும் எழுதவும் வேண்டும்.

இதெல்லாம் வராவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூணாங்கிளாஸ் தாண்டினால் வாசித்துக் கற்க வேண்டும். அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே பாரா பாராவாக வரும். வாசிக்க வராத பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். 'சயின்ஸ்ல வீக்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். உண்மையில் வீக் சயின்ஸில் இல்லை, ரெண்டாங்கிளாஸ் தமிழில்!

'அசர்' என்ற ஆய்வுக்காரர்கள் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், மூணாங்கிளாஸ் பிள்ளைகளிடம் ரெண்டாங்கிளாஸ் தரத்தில் ஒரு குட்டிக்கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். 2018-ல் நூற்றுக்கு 27 பேர்தான் வாசித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல், அதுவும் 20 ஆனது. 2024-ல் மறுபடி 27. மிச்சம் 73 பேரும் அடுத்த வகுப்புக்குப் போகத்தான் செய்கிறார்கள். கையில் சாவி இல்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யத்தான் தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஆரம்பித்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் புரிந்து வாசிக்கணும், அடிப்படைக் கணக்குப் போடணும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கிறார்கள். கணக்கில் மலராக இருப்பவன் தமிழில் அரும்பாக இருக்கலாம். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிக்கும் மல்லிக்கும் மொட்டாக இருக்கும்போதுதான் விலை. விரிந்துவிட்டால் விலை இறங்கிவிடும். வகுப்பறை அப்படி இல்லை. அரும்பை நகத்தால் பிரித்து மலராக்க முடியாது. அரும்பு என்று தெரிந்தும் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

'எங்க குமரி மாவட்டத்துக்கு இதெல்லாம் எதுக்கு வோய்?' என்று கேட்கலாம். நியாயம்தான். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவிகிதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். இந்த மண் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1817-லேயே கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் ஆணை போட்டிருக்கிறார். ஆனால் எழுத்தறிவு ரத்தத்தில் வருவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அப்பா எம்.காம். ஆனாலும்!

'என் பையன் பாடத்தைக் கடகடன்னு சொல்றானே' என்கிறீர்களா? அது வாசிப்பா, மனப்பாடமா என்று பாருங்கள். படத்தைக் கையால் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். மேலிருந்து ஒப்பித்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தால், பையன் இன்னும் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. அதற்காக முதுகில் ஒன்று வைக்காதீர்கள். தினமும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை முந்திக்கொண்டு சொல்லாமல் இருந்தால் போதும். ஆபீஸில் மேனேஜர் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசும்போது எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறோம்! அதில் பாதி போதும். செல்போன் அடுத்த ரூமில் இருக்கட்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது வாஸ்தவம்தான். ஆனால் அது பிள்ளைகளுக்குத்தான், ஸார். அப்பாக்களுக்கு எந்தக் கோர்ட்டும் தடை போடவில்லை!