காக்காவையும் விட்டுடாம எண்ணுங்க!

கனுப்பிடி வைக்க மொட்டைமாடிக்குப் போனால், இலையைக் கீழே வைப்பதற்குள் காகங்கள் வந்துவிடும். எத்தனை வந்தன? யாரும் எண்ணுவதில்லை. காக்காதானே!

அந்தக் காக்காவையும் எண்ணச் சொல்கிறது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015-ல் தொடங்கிய இது, ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையையொட்டி நான்கு நாள்கள் நடக்கிறது. ஏரிக்கோ சரணாலயத்துக்கோ போக வேண்டியதில்லை. கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருந்தால் போதும். பால்கனியும் ஓகேதான்.

குறைந்தது 15 நிமிடங்கள். கண்ணில் பட்டவை, குரல் கேட்டவை எல்லாவற்றையும் எந்தப் பறவை, எத்தனை என்று குறித்து 'இ-பேர்ட்' செயலியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். பைனாகுலர் கட்டாயமில்லை. பெயர் தெரியாத பறவைக்கு ஊகத்தில் பெயர் வைக்கக் கூடாது. தவிட்டுக்குருவிகள்தான் கொஞ்சம் படுத்தும். ஏழெட்டாகத் தத்திக்கொண்டு வந்து, எண்ணி முடிப்பதற்குள் பாதி வேலிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். பரவாயில்லை, 'நிறைய' என்று எழுதாமல் உத்தேசமாக ஓர் எண் போடலாம். அதிர்ஷ்டம் இருந்தால், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியின் குரலும் கேட்கும். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துவதால் அந்தப் பெயர்.

சரி, ஊரெல்லாம் இருக்கும் காக்காவையும் மைனாவையும் எதற்கு எண்ண வேண்டும்?

1980-களில் பாறு கழுகுகளும் இப்படித்தான் ஊரெல்லாம் இருந்தன. செத்த மாடு கிடந்தால் கூட்டமாக இறங்கும். 1990-களில் அவை மளமளவெனக் குறைந்தன. ராஜஸ்தானில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் ஆய்வாளர் விபு பிரகாஷ் கழுகுக் கூடுகளைக் கணக்கெடுத்து வைத்திருந்ததால்தான் அந்தச் சரிவு தெரியவந்தது. மாடுகளுக்குப் போடும் 'டைக்ளோஃபினாக்' என்ற வலி மருந்துதான் காரணம். அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தர இந்தியா தடை விதித்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் 100-ல் 95-க்கும் மேல் போய்விட்டன. தமிழகத்தில் இன்று அவற்றைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும்.

சிட்டுக்குருவி விஷயம் வேறு மாதிரி. 'செல்போன் டவரால் அழிந்தே போச்சு' என்று வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றுகிறதே... பொதுமக்கள் ஏற்றிய பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு 2020-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, பெருநகரங்களில் அவை குறைந்திருந்தாலும், நாடு முழுக்கப் பார்த்தால் சுமார் 25 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லை என்றது. ஆனால், அதே அறிக்கையில் வேறு பல பறவைகள் குறைந்துவருவதும் தெரிந்தது. அவற்றுக்காக யாரும் ஃபார்வர்டு அனுப்பவில்லை!

பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல்தான். அதனால்தான் பதிவை முடிக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? காக்காவை விட்டிருந்தால், 'இல்லை' என்றுதான் அழுத்த வேண்டும்.