தெற்கின் சிறகுகள் – 14: வாலில் சுழலும் விசிறி

இந்தத் தொடரில் முன்பு பார்த்த சூலூர் விமானப்படைத் தளமும் 45, 18 என்ற இரண்டு தேஜஸ் போர்விமானப் படையணிகளும் நினைவிருக்கும். இந்த வாரம் கயத்தாற்று ஓடுதளம் என்று சொல்லியிருந்தேன். போகிற வழியில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிறு இரவு. திருச்செந்தூரிலிருந்து 8.25-க்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கேதான் நின்றது. செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. வண்டியில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் செவ்வாய்க்கிழமை வரை ரயிலிலேயே இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர், சாலை இல்லை. விமானப்படை ஹெலிகாப்டர்கள்தான் உணவுப் பொட்டலங்களை இறக்கின. ஒரு கர்ப்பிணியையும் ஒரு கைக்குழந்தையையும் வான்வழியாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நிலையத்துக்கு வெளியே டீக்கடைக்காரரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “சத்தம் கேட்டு வெளிய ஓடியாந்தோம் அண்ணாச்சி. அது தாழ வந்துச்சு பாருங்க, கூரைத் தகரம் அந்தால எந்திரிச்சிட்டுல்லா!” என்றார். சொல்லும்போது அவர் கை கிளாஸை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே வட்டம் போட்டது.

அன்று வந்த ஹெலிகாப்டர்களில் முக்கியமானது எம்ஐ-17 வி5. ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள கசான் நகரத்தில் செய்தது. 2008-ல் 80 கேட்டோம். 2016-க்குள் மொத்தம் 151 வந்து சேர்ந்தன. ஆனால் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சேதி அதன் வாலில் இருக்கிறது.

வீட்டு மின்விசிறியைக் கொக்கியிலிருந்து கழற்றி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? இறக்கை ஒரு பக்கம் சுற்றும், அதைத் தாங்கும் தண்டு மறுபக்கம் சுற்றும். ஹெலிகாப்டருக்கும் அதே கதிதான். ஐந்து இதழ்களோடு 21 மீட்டர் அகலத்துக்கு மேலே சுழலும் பெரிய விசிறி, உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வது வாலிலிருக்கும் சின்ன விசிறி. விமானியின் இரண்டு பாதங்களும் மிதிகட்டைகளிலேயே இருக்கும். அவர் மிதிக்கிற அளவுக்குச் சின்ன விசிறியின் இதழ்கள் கோணம் மாறும்.

இப்போது சேதிக்கு வருகிறேன். மூத்த அண்ணனான எம்ஐ-8-ல் இந்தச் சின்ன விசிறி வலப்புறம் இருந்தது. எம்ஐ-17-ல் இடப்புறத்துக்கு மாற்றினார்கள். வாலைத் தள்ளிக்கொண்டிருந்த விசிறி, இழுக்கத் தொடங்கியது. கூடுதல் வலுவுள்ள என்ஜின்களோடு வந்த புதிய ஹெலிகாப்டருக்கு வாலிலும் பிடி கூடியது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம். வாலைப் பார்த்தால்தான் அண்ணன் யார், தம்பி யார் என்று தெரியும்.

அந்த அண்ணன் 45 ஆண்டு உழைத்துவிட்டு நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றது எலகங்காவில், 2017 டிசம்பர் 17 அன்று. சரியாக ஆறு ஆண்டு கழித்து, அதே தேதி இரவில்தான் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. இந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல்லைச் சீமையில் விமானப்படைத் தளம் கிடையாது. விஜயநாராயணத்தில் இருப்பது கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது நிற்கும் ஸ்ரீவைகுண்டத்தில், அந்த இரண்டு நாள் வயலும் சாலையும் ஒன்றாகிக் கிடந்தன. சக்கரம் வைக்க இடமில்லாத ஊருக்கு, நின்ற இடத்திலேயே நிற்கத் தெரிந்த ஊர்திதான் உதவும். வேகத்தைப் பற்றிப் பதின்மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிற நேரத்தில் தேவைப்படுவது அசையாமை. அதை அந்தச் சின்ன விசிறியும் இரண்டு பாதங்களும் சேர்ந்து தருகின்றன.

இடம் முடிந்துவிட்டது. கயத்தாற்றின் உலகப் போர்க்கால ஓடுதளம் அடுத்த வாரம், உறுதியாக. அதுவரை, வெள்ளத்தின்போது எடுத்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் தேடிப் பாருங்கள். பெரிய ஹெலிகாப்டர் வரும் இடத்தில் நிறுத்தி, வாலின் இடப்பக்கத்தைப் பாருங்கள்.

(தொடரும்)