பளபளக்கும் குரோம்... மூக்கைப் பதம் பார்க்கும் புகை!

பாத்ரூம் குழாய், பைக் சைலன்ஸர், நாற்காலிக் கால்... முகம் பார்க்கிற அளவுக்கு மின்னுகிறதே, அது குரோம் பிளேட்டிங். கோவை போன்ற தொழில் நகரங்களில் நான்கைந்து பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறைகளில்கூட இது நடக்கிறது.

குரோமிக் அமிலம் நிரம்பிய தொட்டியில் பொருளைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். அந்த மின்சாரத்தில் 10 முதல் 20 சதவிகிதம்தான் குரோமைப் பூசும். மீதியில் பெரும்பகுதி, தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழிகளைக் கிளப்பிவிடும். சோடா பாட்டிலைத் திறந்ததும் முகத்தில் சாரல் தெறிக்குமே, அப்படி ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடிக்கும்போது அமிலத்தை நுண்துளியாகத் தூவுகிறது. பார்க்கப் புகைபோல இருந்தாலும் அது அமிலச் சாரல்தான்.

அதில் இருப்பது 'ஆறு இணைதிறன்' குரோமியம். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லும் பொருள். அதற்கும் முன்பே மூக்கைத் தாக்கும். தொடர்ந்து சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவர் புண்ணாகி, ஓட்டையே விழலாம். பெரும்பாலும் வலி இருக்காது என்பதுதான் கொடுமை. பலருக்கு ஓட்டை விழுந்ததே தெரியாது!

'அதான் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே' என்பார்கள். தொட்டிக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஆள் நின்றால், சாரல் அவர் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகும். போவதும் பக்கத்துத் தெருவுக்கு. தொட்டியின் விளிம்பிலேயே நீளமான உறிஞ்சு துவாரம் வைத்து, சாரல் முகம்வரை எழும்பும் முன் இழுத்துவிட வேண்டும். இழுத்த காற்றை வடிகட்டி, தண்ணீரால் கழுவிய பிறகே வெளியே விட வேண்டும். பிடிபட்ட அமிலத்தைத் தொட்டிக்கே திருப்பி ஊற்றவும் வழி உண்டு. முதலாளிக்கு அது காசு.

இன்னும் மலிவான வழி, கரைசலின் மேல் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிடுவது. சாரலின் ஒரு பகுதியை அவை தடுக்கும். குமிழி மெதுவாக உடைய ரசாயனமும் சேர்ப்பார்கள். ஆனால், பல காலம் இதற்குப் பயன்பட்ட 'பிஃபாஸ்' மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது சேர்ந்தது.

குழாய் போன்ற அலங்காரப் பொருள்களுக்கு, ஆபத்து மிகக் குறைந்த 'மூன்று இணைதிறன்' குரோமியம் போதும். கலிஃபோர்னியா 2023-ல் பழைய முறையைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. நிறம் லேசாக மாறுகிறது என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்களாம்!

பெயின்ட் அடித்து அடுப்பில் உலர்த்தும் பட்டறைகளில் பிரச்னை வேறு. அங்கே ஆவியாவது தின்னர். பவுடர் கோட்டிங்கில் தின்னரே கிடையாது. தூளைத் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். பீரோ, கிரில் கேட்டுக்கெல்லாம் இதுவே தாராளம்.

பிளேட்டிங் பட்டறைப் பக்கம் போனால் எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையைப் பாருங்கள். ஆரஞ்சும் பழுப்புமாகக் கறை படிந்திருந்தால், உள்ளே நிற்பவர் சுவாசிப்பதும் அதைத்தான்.