வீரமும் சான்றும்

புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையிற் கண்டெடுக்கப்பட்ட எழுத்துடை நடுகல், பண்டை வீரனொருவனுக்கு இன்றும் சான்று பகர்கின்றது. கல்லும் ஏடும் இல்லாத வீரன் தன் போர்ப்பணியை எங்ஙனம் மெய்ப்பிப்பான்? இவ்வினாவை இந்திய தேசிய இராணுவத்துத் தமிழர்பால் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரிலே தலைமை ஏற்றார். அதன்பின் மலேயாவில் இரப்பர் மரம் சீவிய தமிழர் பலர் அப்படையிற் சேர்ந்தனர். பெண்டிர் ஜான்சிராணிப் படையில் அணிவகுத்தனர். ஆங்கிலேயர் படையிலிருந்து வந்தார்க்குப் பழைய பட்டாளப் பதிவேனும் உண்டு. தோட்டத் தொழிலாளர்க்கோ அதுவும் இல்லை.

நிற்க. 1972 ஆகஸ்டு 15-இல் இந்திய அரசினர் விடுதலை வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் தொடங்கினர். 1980-இல் அது விரிவுற்றது. பொதுவாக ஆறு திங்கள் சிறைவாசத்தைக் காட்டல் வேண்டும். பெண்டிர்க்கும் பட்டியல் சாதியார், பழங்குடியினர்க்கும் மூன்று திங்கள் போதும். சிறைப் பதிவே முதற்சான்று. அது கிட்டாதெனில், கிட்டவில்லை என்பதற்கே அரசினர் சான்றிதழ் பெற்று, உடன் சிறையிருந்தார் உரையைக் காட்டலாம். ஈண்டுத் தோழனே நடுகல் ஆகின்றான். ஆயினும் கல் நிற்கும். தோழன் மூப்பெய்தி மறைவான்.

புதுக்கோட்டையார்க்கு மற்றோர் இடரும் உண்டு. சமஸ்தானமாயிருந்த இவ்வூர் 1948-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் பழைய பதிவை எவ்வலுவலகத்தில் தேடுவது என்பதே ஒரு வினாவாகும்.

இவ்விடர்களை உச்சநீதிமன்றம் உணர்ந்தது. விண்ணப்பம் காலந்தாழ்ந்தது என்பதொன்றே மறுத்தற்குக் காரணமாகாதென 1993-இலும், குற்றவழக்கிற்குரிய கடுஞ்சான்று வேண்டா, நிகழ்ந்திருத்தல் கூடும் என்னும் அளவே போதுமென 2001-இலும் தீர்ப்பளித்தது.

பிலிப்பைன் வீரர் நிலை வேறு. 1941-இல் அமெரிக்கக் கொடியின்கீழ் அழைக்கப்பட்ட அவர்தம் உரிமைகளை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 2009-இல் அமெரிக்கக் குடியுரிமை உடையார்க்கு 15,000 டாலரும், ஏனையோர்க்கு 9,000 டாலரும் ஒருமுறை வழங்க அமெரிக்கா இசைந்தது. ஆயின் அமெரிக்கப் படைப்பதிவிற் பெயரில்லாதார் பலர், தந்நாட்டுச் சான்றும் தோழர் உறுதிமொழியும் காட்டியும் மறுக்கப்பட்டனர்.

பொய்யர் புகாமற் காத்தல் அரசினர் கடன். எனினும் ஏடு அழிந்தமை வீரன் குற்றமன்று. நம் இல்லங்களில் முன்னோர்தம் பழங்கடிதமோ விடுதலைச் சீட்டோ இருப்பின், அதனைப் படியெடுத்துப் பேணுவோமாக. மறைந்த வீரனின் மனைவிக்கு அத்துண்டுத்தாளே உணவாதல் கூடும்.