கையெழுத்து போடும் முன்...

புனேயில் பெற்றோர் கையிலிருந்து குழந்தை போய்விடுவதைப் பற்றிப் பேசினால், 'பிரீத் மந்திர்' விவகாரத்தைத் தாண்டிப் போக முடியாது. வெளிநாட்டுத் தத்துக்குப் பேர்போன காப்பகம் அது. தத்தெடுக்க வந்தவர்களிடம் பெருந்தொகை கறந்ததாகவும், ஏழைப் பெற்றோரை ஏமாற்றிக் குழந்தைகளை வாங்கியதாகவும் புகார்கள் எழுந்தன. 2010-ல் மும்பை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

இன்றைய சட்டப்படி, காப்பகத்தில் யாரோ நீட்டும் காகிதத்தில் தாய் கைநாட்டு வைத்துவிட்டால் குழந்தை கைமாறிவிடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ஒப்படைப்பு என்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில்தான் நடக்க வேண்டும் என்கிறது. அதன் பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. 'சி.டபிள்யூ.சி.' என்று எல்லோரும் சொல்கிற இந்தக் குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கும் உண்டு.

குழந்தையை மீட்டுக் கொண்டுபோனதும் பல பெற்றோர் முதலில் செய்யும் தவறு, பயந்து ஒதுங்கிவிடுவது. பிச்சையெடுத்த பிள்ளை, வேலைக்குப் போன பிள்ளை, அடிபட்ட காயத்தோடு பள்ளிக்கு வந்த பிள்ளை என்று குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எப்படித் தகவல் போயிருந்தாலும், மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை. நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. யாரும் உரிமை கோரி வராவிட்டால், தேடியும் பெற்றோர் கிடைக்கவில்லை என்று முடிவாகி, அந்தக் குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்படலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அதற்கான காலக்கெடு இரண்டே மாதம். ஒதுங்கி நிற்பதன் விலை அதுதான்.

அறிக்கை எழுத வீட்டுக்கு வரும் அலுவலரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளிப் பதிவு, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக் காட்டுவது நல்லது. காயத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் சிகிச்சை பார்த்த டாக்டரின் குறிப்பைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தாத்தா பாட்டியோ அத்தை மாமாவோ பொறுப்பேற்கத் தயார் என்றால் அதையும் எழுத்தில் கொடுக்கலாம். தகுதியுள்ள நபரிடம் குழந்தையை ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. காப்பகம் கடைசி வழிதான் என்று சட்டமே சொல்கிறது.

கட்கி, கேம்ப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு மராத்தி பழக்கம். கட்டட வேலைக்கு நேற்று வந்த குடும்பத்துக்கு அது புரியாது. வாக்குமூலத்தை யாரையாவது தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தின் சொந்த ஊர் திருவண்ணாமலையோ சேலமோ என்றால், விசாரித்துவிட்டு வழக்கையும் குழந்தையையும் அந்த மாவட்டக் குழுவுக்கே மாற்றச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை.

சொந்த மாவட்டக் குழு எவ்வளவு உதவும் என்பதற்கு சாகரிகா சக்கரவர்த்தி என்ற இந்தியத் தாயின் வழக்கு சாட்சி. 2011-ல் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் அவருடைய இரண்டு குழந்தைகளையும் அந்நாட்டுக் குழந்தை நலத்துறை கொண்டுபோனது. மறு ஆண்டு குழந்தைகள் இந்தியா திரும்பினார்கள், ஆனால் சித்தப்பாவின் பொறுப்பில். இதை வைத்து 2023-ல் வந்த சினிமாவால் நார்வே பகுதி ஊரறிந்த கதையாகிவிட்டது. அவ்வளவாகப் பேசப்படாதது, மேற்கு வங்கத்தின் பர்தமான் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு தாயின் பக்கம் நின்றது. குழந்தைகளைக் கையில் வாங்க அவர் கல்கத்தா உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமானது.

புகார் உண்மையாகவும் இருக்கலாம். அடித்துத் துன்புறுத்தும் பெற்றோருக்குச் சட்டத்தின் 75-வது பிரிவு மூன்று ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது. அந்த வீடுகளில் குழந்தையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடே. அப்படியில்லாதவர்கள், உத்தரவின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சிவாஜிநகர் நீதிமன்றத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம், சட்ட உதவி எண்ணான 15100-க்கும் அழைக்கலாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.